நண்பர்கள் நாலு பேராகச் சாகசப் பந்தயத்துக்குப் போகலாமா?

நாலில் ஒருத்தன்:

எங்கள் செட் நாலு பேர். பதினைந்து வருடப் பழக்கம். மூன்று ஆண்கள், ஒரு பெண். சேர்ந்து மலையேறியிருக்கிறோம், சைக்கிள் மிதித்திருக்கிறோம், மழையில் நனைந்து சளி பிடித்துத் திரும்பியிருக்கிறோம். போட்டி என்று எதிலும் இறங்கியதில்லை. இப்போது 12 மணி நேர சாகசப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று பேச்சு. காட்டுப் பாதையில் ஓட்டமும் நடையும், மலை சைக்கிள், கயாக், நடுவே ஓரிடத்தில் கயிற்றில் இறங்குவது. வழி கண்டுபிடிக்க வரைபடமும் காம்பஸும் மட்டும்.

சிக்கல் எங்கள் நாலாவது ஆள். கனத்த உடம்பு, ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். தங்கமான மனுஷன். ஆனால் அவனோடு போனால் கடைசி வரிசையில்தான் வருவோம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களில் நன்றாக ஓடுகிறவன், "எங்க ஆபீஸ்ல ஒரு பையன் இருக்கான், காத்து மாதிரி ஓடுவான், அவனைச் சேர்த்துக்கலாம்" என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. சும்மா பெயருக்குப் போய்வரவும் விருப்பமில்லை.

இரண்டு கேள்வி. சிநேகிதர்களோடு போவது நல்லதா, திறமையான அந்நியரைச் சேர்த்துக்கொள்வதா? அடுத்தது, இதில் அப்படி என்னதான் இருக்கிறது? வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே சொல்லத் தெரியவில்லை.

பழைய டார்ச்:

பின்னால் கேட்டதற்கு முதலில் பதில்.

மாரத்தானில் பக்கத்தில் ஓடுகிறவன் உயிர் நண்பனாகவே இருக்கட்டும், அவன் நேரம் அவனுக்கு, என் நேரம் எனக்கு. தொடரோட்டத்தில் கோலைக் கைமாற்றியதும் என் பாடு முடிந்தது. இங்கே நாலாவது ஆளின் கால் கோட்டைத் தாண்டினால்தான் கடிகாரம் நிற்கும். நடுவில் ஒருவர் விலகினால் மற்றவர்களைத் தொடர விடுவார்கள், ஆனால் பெரும்பாலான பந்தயங்களில் தரவரிசையில் இடம் கிடையாது. போதாததற்கு ஒருவரை விட்டு ஒருவர் இத்தனை மீட்டருக்கு மேல் பிரியக் கூடாது என்று வேறு விதி. சிலவற்றில் 50, சிலவற்றில் 100.

ஆட்டத்தின் உயிரே அந்த விதிதான். 1989இல் ஜெரார் ஃப்யூசில் என்ற பிரெஞ்சுக்காரர் நியூசிலாந்தில் ரெய்ட் கோலுவாஸ் என்ற சாகசப் பந்தயத்தை முதல்முறை நடத்தியபோதே அதை வைத்துவிட்டார்: ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண், எல்லாரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். 1995இல் மார்க் பர்னெட் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய ஈகோ சேலஞ்ச் அதையே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. இன்று உலகப் போட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்த நாலு பேர் என்பதே வழக்கம். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1983 முதல், நியூசிலாந்தின் தென் தீவைக் கரையிலிருந்து கரைக்குக் கடக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் இருக்கிறது. 243 கிலோமீட்டர், ஓட்டம், சைக்கிள், கயாக். தனியாளாகவே போகலாம். அருமையான பந்தயம்தான். ஆனால் தனியாகப் போகிறவன் ஏற்றத்தில் நின்றால் நின்றதுதான், அவன் பையை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது.

குழுவின் வேகம் அந்த மணி நேரத்தில் மெதுவாக இருக்கிறவரின் வேகம். நன்றாகக் கவனியுங்கள், "அந்த மணி நேரத்தில்" என்கிறேன். பதினான்கு வருடத்தில் நான் போன எந்தப் பந்தயத்திலும் காலையில் மெதுவாக இருந்தவரே நள்ளிரவிலும் மெதுவாக இருந்ததாக நினைவில்லை. வயிறு கெடும், கால் பிடித்துக்கொள்ளும், சாப்பிட மறந்திருப்பார்கள். யாராவது ஒருவர் கவிழ்ந்துகொண்டேதான் இருப்பார். அப்போது அவர் சுமையைப் பிரித்துக்கொள்வது, ரப்பர் கயிறு மாட்டி இழுப்பது, கொஞ்சம் பேசிக்கொண்டே நடப்பது. வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

கயிறு:

டார்ச் அண்ணன் சொன்ன அந்தப் பெண் விதி பற்றி ஒரு வார்த்தை. "குழுவில் ஒரு பெண்ணாவது" என்று இருப்பதால், தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி போலக் கட்டாயப் பொருள் பட்டியலில் நானும் ஒன்று என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஃபோன் வரும். "ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" அப்படி இரண்டு முறை போயிருக்கிறேன். எல்லாரும் நல்ல வேகம், நல்ல மரியாதை. ஆனால் பதினோரு மணி நேரத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஆர் யூ ஓகே?". நான் ஓகே என்பேன். ஓகேவாக இல்லாதபோதும் ஓகே என்பேன். தெரியாதவர்களிடம் வேறு என்ன சொல்வது?

என் சிநேகிதிகளோடும் தம்பியோடும் போன முறை அப்படி இல்லை. ஏற்றத்தில் நான் பேச்சை நிறுத்தியதுமே தம்பி திரும்பிப் பார்த்தான். "நீ பேசலேன்னா ஏதோ ஆச்சுன்னு அர்த்தம். பையைக் கொடு" என்றான். கொடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்நியரோடு போனால் திறமை கிடைக்கும். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது சிநேகிதரிடம் மட்டும்தான் கிடைக்கும். ஒரே நாளில் முடிகிற பந்தயத்துக்கு எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

உங்கள் நாலாவது ஆளைப் பற்றி ஒன்று. இழுக்கிற கயிற்றை மாட்டிக்கொள்ள சம்மதிப்பாரா என்று இப்போதே கேளுங்கள். எங்களோடு பந்தயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இழுக்கத் தெரியும், இழுபடத் தெரியாது. பயிற்சியிலேயே எல்லாரும் ஒருமுறையாவது இழுபட்டுப் பார்த்துவிட வேண்டும், வேகமாக ஓடுகிறவர் உட்பட.

ஒத்தைத் துடுப்பு:

எல்லாரும் தேன் தடவுகிறீர்கள். நான் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவிவிட்டுப் போகிறேன்.

நானும் உயிர் நண்பர்களோடுதான் போனேன். 30 மணி நேரப் பந்தயம். ஏழாவது மணியில் ஒருவனுக்குக் குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. சொல்லவில்லை. ஏன்? நாங்கள் நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருந்தோம், தன்னால் நின்றுபோகக் கூடாது என்று. அந்நியரோடு வந்திருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பான் என்பது என் கணிப்பு. பன்னிரண்டாவது மணியில் நொண்டினான். இருபத்திரண்டாவது மணியில் ஷூவைக் கழற்றினால் குதிகால் தோல் சாக்ஸோடு வருகிறது. விலகினோம். வண்டி வரக் காத்திருந்த அந்தச் சாலையோரத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பேசுகிறோம், ஆனால் பந்தயம் என்ற சொல்லை இருவரும் எடுப்பதில்லை.

தோல் சுடுகிற மாதிரி உறுத்தும்போதே நின்று டேப் ஒட்டினால் மூன்று நிமிடம். எங்கள் மரியாதையின் விலை முழுப் பந்தயம். அதனால் நண்பரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பாருங்கள். "உறுத்தினால் அதே நிமிடம் சொல்வேன்" என்று நாலு பேரும் வாய்விட்டு ஒத்துக்கொண்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

நாலில் ஒருத்தன்:

வேப்பெண்ணெய்க்கு நன்றி, உண்மையாகவே. அந்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கயிறு, நேற்று அவனிடம் கேட்டேன். "என்னை மாடு மாதிரி கட்டி இழுக்கப் போறீங்களா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் பதில் சொல்லவில்லை.

வரைபடப் பித்து:

எல்லாரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். சாகசப் பந்தயத்தில் கால் தோற்கிறவர்களைவிடத் தலை தோற்கிறவர்கள்தான் அதிகம். ஜிபிஎஸ் கூடாது. ஃபோனை உறையில் போட்டு முத்திரை வைத்து, அவசரத்துக்கு மட்டும் என்று கொடுத்துவிடுவார்கள். 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். விரல் நுனியின் அகலத்துக்குத் தப்பினாலே அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். அரை கிலோமீட்டர் தப்பாக ஓடுகிறவர்களைவிட, நின்று யோசித்துச் சரியாக நடக்கிறவர்கள் முன்னால் போவார்கள். உங்கள் நாலாவது ஆள் வருவதால் நேரம் போகும்தான். ஒரே ஒரு தப்பான பள்ளத்தாக்கில் அதைவிட அதிகம் போகும்.

எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கே இன்னும் போதும். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. புதர், இருட்டு, களைப்பு எதுவும் அதில் சேராது, உங்கள் நிலைமையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தந்திரம். ஓடையின் குறுக்கே உள்ள பாலத்துக்குப் போக வேண்டுமானால் நேராகப் பாலத்துக்குக் குறி வைக்காதீர்கள். வேண்டுமென்றே கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிக் குறி வையுங்கள். ஓடை வந்ததும் வலதுபக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். நேராகக் குறி வைத்துத் தப்பினால், பாலம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாலு பேரும் நின்று சண்டை போடுவீர்கள்.

நண்பர்களுக்கே உரிய ஒரு வியாதியும் உண்டு. வரைபடம் பிடித்திருக்கிறவன் "இதுதான்" என்பான். மற்றவர்களுக்குச் சந்தேகம் இருக்கும், அவன் முகம் வாடுமே என்று சொல்ல மாட்டார்கள். அவனோ தன் மனதில் இருப்பதற்கு ஏற்ப நிலத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவான். "இந்த முகடுதான் அது, வரைபடத்துல கொஞ்சம் சின்னதா போட்டிருக்காங்க." அடுத்த பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு இதைச் சொல்வான். இரண்டாவது ஆள் ஒருவருக்கு "மறுத்துப் பேசுவதே உன் வேலை" என்று முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வேலையாகக் கொடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

தூக்கமூட்டை:

12 மணி நேரம்தான் என்றால் உங்களுக்குப் பேய்கள் கிடைக்காது, பாவம். பல நாள் பந்தயத்தில் இரண்டாவது இரவு தாண்டினால் வரும். ஸ்லீப் மான்ஸ்டர் என்பார்கள். பாறைகள் எல்லாம் படுத்திருக்கிற மாடாகும். ஒருமுறை பாதை ஓரத்தில் ஒரு கிழவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் வந்த நண்பன், "அந்தப் புதருக்கு ஏன்டா வணக்கம் சொல்றே?" என்றான். பத்து நிமிடம் கழித்து அவன் இல்லாத வேலி ஒன்றைத் தாண்டக் காலைத் தூக்கினான். தூக்கம் கெட்ட இரண்டு பேர் ஒருவர் பொய்யை ஒருவர் திருத்திக்கொண்டே போவதில் உள்ள சுகத்தை எப்படிச் சொல்வது? இருபது நிமிடம் தரையில் படுத்துக்கொண்டால் உலகம் சரியாகிவிடும். அந்த இருபது நிமிடத்தை எப்போது எடுப்பது என்பதில்தான் பெரிய சண்டைகள் வரும்.

இன்னொன்று. 2014இல் ஈக்வடாரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்வீடன் குழு ஒன்றின் பின்னால் ஒரு தெருநாய் வந்ததே, தெரியுமா? சாப்பாட்டில் கொஞ்சம் கொடுத்தார்கள். அது காடு, சேறு எல்லாம் கூடவே வந்தது. கயாக் பகுதியில் விட்டுவிட்டுப் போகப் பார்த்தால் ஆற்றில் குதித்து நீந்தித் தொடர்ந்தது. தூக்கிக் கயாக்கில் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஸ்வீடனுக்கே கொண்டுபோய்விட்டார்கள். வேகம் பார்க்கிற குழுதான் அது. அதனால் உங்கள் நாலாவது ஆளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள் என்கிறேன்.

ஒத்தைத் துடுப்பு:

நண்பரை நாயோடு ஒப்பிட்டாச்சு. இனி இந்த இழை உருப்படும்.

பழைய டார்ச்:

சிரிப்பு சரி. ஆபத்தையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஈகோ சேலஞ்ச் மலேசியாவின் சபாவில் நடந்தது. முடிந்து வீடு திரும்பியபின் பலருக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்கிறோமே, லெப்டோஸ்பைரோசிஸ், அது. விசாரித்த 189 பேரில் 80 பேருக்கு நோய் அறிகுறிகள் பொருந்தின. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. யாரும் சாகவில்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. 2004இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பிரைமல் குவெஸ்டில் உருண்டுவந்த பாறை அடித்து ஒரு வீரர் இறந்தே போனார்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பந்தயத்துக்குப் பிறகு நாலு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "ஆற்றுத் தண்ணீரில் கிடந்தேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சரிவில் ஏறும்போது ஒருவர் தலைக்கு நேர் மேலே ஒருவர் போகாதீர்கள். கல் உருண்டால் கத்துங்கள், யாருடைய கல்லாக இருந்தாலும். வேறு குழுவில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் நின்று உதவ வேண்டும், விதியே அப்படித்தான். அந்த நேரத்தைப் பொதுவாகக் கழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கயிறு:

ஈர சாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. கயாக்கிலிருந்து இறங்கியதும் மாற்று சாக்ஸ். தண்ணீர் புகாத பைக்குள் இரண்டு ஜோடி. நாலு பேருக்கும். சும்மா நினைவூட்டுகிறேன்.

நாலில் ஒருத்தன் (ஐந்து வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம். நாங்கள் நாலு பேர்தான், ஆபீஸ் பையன் இல்லாமல்.

டார்ச் அண்ணன் சொன்னபடி மெதுவான ஆள் மாறுவார் என்று நம்பிப் போனேன். மாறவில்லை. அவன் காலை ஆறு மணிக்கும் மெதுவாகத்தான் இருந்தான், மாலை ஆறு மணிக்கும் மெதுவாகத்தான் வந்தான். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முதல் ஏற்றத்தில் கயிறு வேண்டாம் என்றான். இரண்டாவதிலும் வேண்டாம். மூன்றாவது ஏற்றத்தின் பாதியில் யாரும் கேட்காமலே அவனாகவே கொக்கியை எடுத்துப் பையில் மாட்டிக்கொண்டு, "சரி, இழுடா" என்றான். நன்றாக ஓடுகிறவன்தான் இழுத்தான். ஆச்சரியம் அங்கேதான். இழுக்க ஆரம்பித்ததும் அவன் எரிச்சல் போய்விட்டது. அதுவரை முகடு முகடாகப் போய் நின்று, இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கையில் ஒரு வேலை வந்ததும் ஆளே மாறிவிட்டான். பின்னால் ஒரு எடை இருப்பது அவனுக்குத் தேவையாக இருந்தது போல.

கொப்புளம், உறுத்தல் எல்லாம் வாய்விட்டுச் சொன்னோம். மொத்தம் நாலு முறை நின்றோம். எங்கள் பெண் சிநேகிதி ஒருமுறை, "எனக்கு அழுகை வருது, காரணம் இல்லை, அஞ்சு நிமிஷத்துல சரியாகிடும்" என்று அறிவித்துவிட்டு அழுதுகொண்டே நடந்தாள். சரியாகவும் ஆகிவிட்டது.

ஆனால் வரைபடப் பித்து சொன்ன வியாதி எங்களுக்கு வந்தேவிட்டது. மறுத்துப் பேசுகிற வேலையை நாலாவது ஆளுக்குக் கொடுத்திருந்தோம். ஏழாவது செக்பாயின்ட், அதாவது வரைபடத்தில் குறித்துக் கொடுத்த இடம், ஒரு பள்ளத்தின் தலைமாட்டில் இருக்க வேண்டும். வரைபடம் என்னிடம். நான் மேற்குப் பள்ளத்துக்குள் அழைத்துப் போனேன். அவன் "கிழக்கா இருக்குமோ?" என்று மெதுவாக ஒருமுறை கேட்டான். நான் "இல்லடா" என்றேன், விட்டுவிட்டான். 52 நிமிடம் போயிற்று. அதனால் கடைசி இரண்டு செக்பாயின்ட்டை விட்டுவிட்டு நேராக முடிவிடத்துக்கு வந்தோம். நேரக்கெடுவுக்கு ஒன்பது நிமிடம் மீதி. பட்டியலில் கடைசியிலிருந்து நாலாவது.

வீட்டில் கேட்ட கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. முடித்துவிட்டு நாலு பேரும் புல்லில் மல்லாந்து கிடந்தோம். யாரும் பேசவில்லை. சுமார் இருபது நிமிடம். பதினைந்து வருடத்தில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அடுத்தது 24 மணி நேரம்.

ஒத்தைத் துடுப்பு:

கடைசியிலிருந்து நாலாவது என்றால் மோசமில்லை. 24க்கு எனக்கும் ஆசைதான். கூட வர ஆள் இருக்கிறானா என்று ஒரு ஃபோன் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாலாவது ஆள்:

இந்த இழை இருப்பது நேற்றுதான் தெரிந்தது. முழுவதும் படித்தேன். மாடு, நாய் எல்லாம் படித்தேன்.

சில திருத்தங்கள். "கிழக்கா இருக்குமோ" என்று நான் ஒருமுறை கேட்கவில்லை, மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே. 52 நிமிடம் இல்லை, ஒரு மணி நாலு நிமிடம், என் கடிகாரத்தில் இருக்கிறது. கயாக்கில் முன்னால் உட்கார்ந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியது யார் என்பதை எழுத மறந்திருக்கிறான். அந்த நாற்பது நிமிடமும் நான் ஒருத்தன்தான் துடுப்புப் போட்டேன்.

24க்கு வரைபடம் என்னிடம்.

நாலில் ஒருத்தன்:

இரண்டு முறைதான்டா கேட்டே.